ஆயிரத்தில் நாற்பத்தொன்று

நவநீதன் தான் கொன்ற பெண்மணியின் வீட்டைத் தேடிப் போனபோது கையில் அரைக் கிலோ மைசூர்பாகு இருந்தது. கடையில் வெகுநேரம் நின்று குழம்பித்தான் அதை வாங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போனால் பழமும் ரொட்டியும். துக்க வீட்டுக்குப் போனால் வெறுங்கை. செத்திருக்க வேண்டியவர் நன்றாக உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு என்ன கொண்டு போவது என்று யாரும் இன்னும் வழக்கம் உண்டாக்கி வைக்கவில்லை. சட்டம் வந்தே மூன்று வருஷம்தான் ஆகிறது.

அவன் செய்த குற்றம் இவ்வளவுதான். பம்புசெட் கம்பெனியில் சர்வீஸ் என்ஜினியர். போன திங்கட்கிழமை ஒரு தோட்டத்தில் புது மோட்டாரை ஓட்டிக் காட்ட வேண்டும். தோட்டக்காரர் ஏழு மணிக்கே போன் போட்டுவிட்டார். "ஏழரைக்கு ராகுகாலம் பொறந்துருமுங்க. அதுக்குள்ள சுவிச்சப் போடறதா இருந்தா வாங்க, இல்லீன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்." நவநீதனுக்கு ராகுவும் கிடையாது, காலமும் கிடையாது. ஆனால் வாடிக்கையாளருக்கு உண்டே. பொள்ளாச்சி ரோட்டில் ஐம்பதில் போக வேண்டிய இடத்தில் காரை எண்பத்து மூன்றில் பறக்கவிட்டான். ஏழு இருபத்தாறுக்கு மோட்டார் ஓடியது, தண்ணீர் கொட்டியது, எல்லோரும் கைதட்டினார்கள். நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போனில் சீட்டு வந்து விழுந்தது.

"தங்களால் உயிரிழந்திருக்கக்கூடியவர்: திருமதி ப. துளசிமணி, வயது 56. சாத்தியம்: ஆயிரத்தில் நாற்பத்தொன்று. பதினைந்து நாட்களுக்குள் அவரை நேரில் சந்தித்து, சீட்டில் அவருடைய கைரேகையைப் பெற வேண்டும். தவறினால் ஓட்டுநர் உரிமம் ரத்து."

அபராதம் கட்டச் சொன்னால் கட்டிவிட்டுப் போயிருப்பான். அரசாங்கம் அந்த வசதியைத்தான் எடுத்துவிட்டது. லைசென்ஸ் போனால் தோட்டம் தோட்டமாகப் போக முடியாது. போக முடியாதவனுக்கு அந்தக் கம்பெனியில் நாற்காலி கிடையாது. ஒரு கட்டைவிரல். அதற்காகத்தான் இந்த மைசூர்பாகு.

கதவைத் திறந்தவர் துளசிமணியின் கணவர் பழனியப்பன். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனுஷர். சீட்டின் நகல் அவர்கள் வீட்டுக்கும் வந்திருந்தது. நவநீதன் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்து உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தொளசி, உன்னையக் கொன்னவரு வந்துட்டாரு பாரு."

"உக்காரச் சொல்லுங்க. தோசையைத் திருப்பிப் போட்டுட்டு வர்றேன்."

வந்தார். உயரமான பெண்மணி. கரண்டி இன்னும் கையில் இருந்தது. நவநீதனை மேலும் கீழும் பார்த்தார், பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"எனக்குச் சக்கரை இருக்குதுங்க தம்பி. ரோட்டுல முடியலீன்னு இதைக் குடுத்து முடிக்கப் பாக்கறீங்களா?"

நவநீதனுக்கு வேர்த்துவிட்டது. பழனியப்பன் சிரித்தபடி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அதென்னங்க தம்பி, ஆயிரத்துல நாப்பத்தொண்ணு? எனக்கு அதுதான் வெளங்கலை" என்றார்.

"ரோட்டுல இருக்கற கேமரா எல்லாம் ஒரு மெஷினோட சேந்ததுங்க. நம்ம வேகமாப் போனா, அந்த ஒரு நிமிஷத்தை அது ஆயிரம் தடவை மறுபடியும் ஓட்டிப் பாக்குமுங்க. ஒரு தடவை நாய் குறுக்க வரும். ஒரு தடவை டயர் வழுக்கும். ஒரு தடவை எனக்குத் தும்மல் வரும். ஒவ்வொண்ணுலயும் யாருக்கு என்ன ஆகுதுன்னு பாக்கும். ஆயிரத்துல அதிகமா யாரு செத்துப் போறாங்களோ, அவங்க பேரைச் சீட்டுல போட்டுரும்."

"அப்ப நாப்பத்தொரு தடவை இவ போயிட்டா?"

"ஆமாங்க. மீதித் தொள்ளாயிரத்து ஐம்பத்தொம்பதுல நல்லா இருக்காங்க."

துளசிமணிக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் கேட்டது வேறு. "நான் எங்க விழுந்து கெடந்தேன்னு போட்டிருக்குதா?"

நவநீதன் போனில் தேடினான். பதினாலு பக்க அறிக்கை. முதல் பக்கத்தைத் தாண்டி அவன் படித்ததே இல்லை. "பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்பல... வேப்பமரத்துக்கு மூணு மீட்டர் கிழக்கால. நேரம் ஏழு பதினொண்ணு."

பழனியப்பன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "ஏழு பதினொண்ணுக்கு நான் தூங்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். "யாராச்சும் வந்து கதவைத் தட்டற வரைக்கும்."

நவநீதன் போனைக் கவிழ்த்து வைத்தான். இத்தனை நாளும் அது வெறும் சீட்டு. இப்போதுதான் அதில் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்றில் போனவனுக்கு இது எதுவுமே தெரியாமல் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

"என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றான், உண்மையாகவே.

"போச்சாது விடுங்க. தோசை சாப்பிடுங்க."

நான்கு தோசை சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, போனை நீட்டினான். துளசிமணி விரலைக் கொடுக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு காரியம் தெரியோணும் தம்பி. கொங்கணாம்பாளையத்துல எங்கண்ணன் இருக்காரு, மயிலுசாமின்னு. பதினோரு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்லை. நான் செத்திருந்தா அவரு கோடி கொண்டு வந்திருப்பாரா மாட்டாரா? அதை அவரு வாயால கேட்டுட்டு வாங்க. அப்புறம் ரேகை வெக்கறேன்."

கோடி என்றால் பிறந்த வீட்டுச் சேலை. ஒரு பெண் எந்த ஊரில் வாழ்ந்து எத்தனை வயதில் போனாலும், கடைசியாக அவள்மேல் போர்த்த வேண்டியது அண்ணன் தம்பி கொண்டுவரும் புதுச்சேலை. அது வரும்வரை தூக்கமாட்டார்கள். வராமலே போனால், ஊர் அதைப் பத்து வருஷத்துக்குப் பேசும்.

"சட்டத்துல அப்படியெல்லாம் கேக்கச் சொல்லலீங்களேம்மா."

"என்னையக் கொன்னது சட்டமா, நீங்களா?"

நவநீதன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். சண்டைக்குக் காரணத்தைப் பழனியப்பன்தான் வாசல்வரை வந்து சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. அழைப்பிதழை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, துளசிமணி அண்ணனுக்கும் அதையே அனுப்பிவிட்டார். கூடப் பிறந்தவனை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. அண்ணன் வரவில்லை, சீரும் வரவில்லை. நேரில் வந்து கூப்பிட்டால் வருவேன் என்பது அவர் கட்சி. விழாவுக்கு ஏன் வரவில்லை என்று அவரே வந்து சொல்லட்டும் என்பது தங்கை கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர் நல்ல தார் ரோடு.

மறுநாள் ஞாயிறு. காலைக் காபியோடு நவநீதன் பதினாலு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து படித்தான். பதினோராம் பக்கத்தில் ஒரு பத்தியை மூன்று முறை படித்தான். பிறகு நாற்பத்தெட்டுக்கு மேல் முள் ஏறாமல் கொங்கணாம்பாளையம் போய்ச் சேர்ந்தான்.

தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு. பக்கத்துக் கொட்டகையில் ஒரு கார், மேலே தார்ப்பாய் போர்த்தி, அதன்மேல் தென்னம்பாளை விழுந்து கிடந்தது. மயிலுசாமியின் மனைவி ராஜாமணி மோர் கொண்டு வந்து கொடுத்தார். நவநீதன் பார்வை போன இடத்தைப் பார்த்து, "அவருக்குக் கண்ணு செரியில்லீங்க. ரெண்டு வருஷமா ஓட்டறதில்லை" என்றார்.

மயிலுசாமி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அறுபத்து மூன்று வயதுக்கு விறைப்பான மனிதர். நவநீதன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினான். அங்கேதான் தப்புச் செய்தான். நல்ல சேதியை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

"அய்யா, என் பேரு நவநீதனுங்க. போன திங்கக்கெழமை, பொள்ளாச்சி ரோட்டுல, உங்க தங்கச்சி ரோட்டோரம் நின்னுட்டிருக்கறப்ப நான் வேகமா வந்துட்டனுங்க..."

மயிலுசாமி எழுந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ராஜாமணி! பீரோவத் தொற! தொளசி போயிட்டா!" துண்டு எது, சட்டை எது என்று தெரியாமல் இரண்டையும் அள்ளினார். "புதுச்சேலை இருக்குதா பாரு. இல்லீன்னா உடுமலைல எடுத்துக்கலாம். ஐயோ, தொளசி, நான் வர்றதுக்குள்ள போயிட்டியே..." நடு வீட்டில் நின்று குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். ராஜாமணி ஒரு பக்கம் தொடங்கிவிட்டார். பக்கத்துத் தோப்பிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"இல்லீங்கய்யா! உசிரோட இருக்காங்க! நேத்து எனக்கு நாலு தோசை போட்டாங்க!"

அழுகையை நிறுத்தி விஷயத்தைப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஓடி வந்த இருவரும் மோர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மயிலுசாமி மூக்கைச் சிந்திவிட்டு, இப்போது பயங்கரக் கோபத்தில் இருந்தார்.

"உசிரோட இருக்கறவளுக்கு என்னைய ஒப்பாரி வெக்க வெச்சுட்டியே தம்பி!"

"அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்க. நீங்க கோடி கொண்டு வருவீங்களான்னு."

"அதான் பாத்தியல்ல! போய்ச் சொல்லு. செத்தா வருவேன். இருந்தா வரமாட்டேன்."

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இதைக் கொண்டுபோய்ச் சொன்னால் கைரேகை கிடைக்கும், லைசென்ஸ் தப்பும், நாளைக் காலையில் வேலைக்குப் போகலாம். நவநீதன் எழுந்துகூட விட்டான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைத் துளசிமணியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதை நினைத்துப் பார்த்தான். அதற்கு அவனுக்கு வாய் வராது. ஒரு முறை அந்த அம்மாளைக் கொன்றது போதும் என்று பட்டது.

"பதினோராம் பக்கத்துல ஒண்ணு போட்டிருக்குதுங்க. மெஷின் அவங்க எப்ப எங்க நிப்பாங்கன்னு பழைய பதிவெல்லாம் எடுத்துப் பாத்திருக்குது." போனைத் திறந்து படித்தான். "'இவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஆறு ஐம்பதுக்கு உடுமலை செல்லும் பேருந்துக்கான நிறுத்தத்தில் வந்து நிற்கிறார். இரண்டு பேருந்துகளைப் போகவிடுகிறார். சரியாக ஏழு முப்பதுக்குச் சாலையைக் கடந்து வீடு திரும்புகிறார். ஒருமுறையும் ஏறியதில்லை. காரணம் அறியக் கூடவில்லை.'"

"எங்க, குடு."

மயிலுசாமி போனைப் பிடுங்கி, கண்ணாடிகூடப் போடாமல், பொடி எழுத்தை மளமளவென்று படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"இந்த மெஷினுக்கு என்ன தெரியும்" என்றார். "நம்மூருக்கு வர்றதுன்னா அந்த உடுமலை பஸ்ஸுதான். திங்கக்கெழமை ஏழரைக்கு ராகுகாலம். அதுக்கு மேல நல்ல காரியத்துக்குக் கெளம்ப முடியாதல்ல. ராகுகாலம் வந்திருச்சு, இன்னைக்குப் போக முடியாதுன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டுத் திரும்பிப் போயிருப்பா. சின்னதுலயே அப்படித்தான். ரோசக்காரி."

கண் சரியில்லாதவர் இவ்வளவு வேகமாகப் படிக்கிறாரே என்று நவநீதனுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. மயிலுசாமி அள்ளிப்போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வண்டிய எடுங்க தம்பி. ராஜாமணி, நீயும் வா."

உடுமலையில் ஒரு ஜவுளிக் கடையில் இரண்டே நிமிஷத்தில் சேலை எடுத்தார். மாம்பழ நிறம், பச்சைக் கரை. வண்டியில் ஏறியதும், "கோடிக்கு இந்தக் கலர் எடுப்பாங்களாங்க?" என்று நவநீதன் தெரியாமல் கேட்டுவிட்டான். பின் சீட்டிலிருந்து ராஜாமணி திருத்தினார். "உசிரோட இருக்கறவளுக்குக் கோடின்னு சொல்லப்படாதுங்க தம்பி. சேலைன்னுதான் பேரு."

வழி முழுக்க மயிலுசாமி முன் சீட்டில் நெளிந்துகொண்டே வந்தார். "இதென்ன கல்யாண ஊர்வலமா? கொஞ்சம் மிதிங்க." நவநீதன் ஐம்பதைத் தாண்டவில்லை. ஆனால் துளசிமணி வீட்டுக்கு முந்திய பஸ் ஸ்டாப்பும் வேப்பமரமும் கண்ணில் பட்டதும் அதே மனிதர் டேஷ்போர்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இங்க மெதுவாப் போங்க. இன்னும் மெதுவா." பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்துத் தீர்த்தது.

வீட்டில் முதல் பத்து நிமிஷம் நவநீதன் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தான். அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நடுவில் இருந்த அவனோடு பேசினார்கள்.

"வந்தவங்களைக் காபி குடிப்பாங்களான்னு கேளுங்க தம்பி."

"சக்கரை போட்டுக் குடுப்பாங்களான்னு கேளுங்க."

"சக்கரை எங்க வீட்டுல இல்லை, எங்க ஒடம்புலதான் இருக்குதுன்னு சொல்லுங்க."

மயிலுசாமி சட்டென்று நேராகத் திரும்பினார். "உனக்கு எப்ப வந்துச்சு சக்கரை? யாருகிட்டக் காட்டறே?"

அவ்வளவுதான், கட்டு உடைந்தது. சக்கரை வந்த கதை, டாக்டர் கதை, வாட்ஸ்அப் கதை எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வந்தன. இருவரும் கத்தினார்கள். நவநீதன் பயந்துபோய்ப் பழனியப்பனைப் பார்த்தான். அவர் மைசூர்பாகுப் பெட்டியை ராஜாமணி பக்கம் நகர்த்தினார். "விடுங்க தம்பி. பதினோரு வருஷத்துப் பேச்சு. ஒரே நாள்ல பேசறதுன்னா சத்தமாத்தான் பேசோணும்."

சேலையைப் பிரித்ததும் சண்டை புதுத் தெம்போடு தொடங்கியது. "இந்த மாம்பழக் கலரை நான் செத்தாலும் கட்டமாட்டேன். போய் மாத்திக் குடுங்க." "செத்தாக் கட்டித்தான் ஆவோணும், எந்திரிச்சா மாத்தப் போறே?" இதற்கு நடுவிலேயே துளசிமணி கையை நீட்டி நவநீதனின் போனை வாங்கி, கட்டைவிரலை வைத்து அழுத்தி, பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. லைசென்ஸ் பிழைத்தது. இதற்காகத்தான் இவ்வளவும் என்பது அவனுக்கே அப்போதுதான் நினைவு வந்தது.

கிளம்பலாம் என்று எழுந்தவனை, "இருங்க தம்பி" என்று துளசிமணி நிறுத்தினார். உள்ளே போய் நான்காக மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டு வந்து அண்ணன் முன்னால் போட்டார்.

"இதுக்கு எப்ப வருவீங்கன்னு ரெண்டு வருஷமாப் பாத்துட்டிருந்தேன்."

மயிலுசாமி அதைத் தொடவில்லை. நவநீதன்தான் எடுத்துப் பிரித்தான். அதே அரசு முத்திரை. இரண்டு வருஷம் முந்திய தேதி, திங்கட்கிழமை, அதே பஸ் ஸ்டாப். ஓட்டியவர்: கோ. மயிலுசாமி. வேகம் தொண்ணூற்றாறு. உயிரிழந்திருக்கக்கூடியவர்: திருமதி ப. துளசிமணி. ஆயிரத்தில் நூற்றிருபது.

"தேங்காய் யாவாரியப் பாக்கத் திங்கக்கெழமைல இந்த வழியாத்தான் போவேன்" என்றார் மயிலுசாமி. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "அன்னைக்கு நீ நின்னுட்டிருந்தே. நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி தாண்டிப் போயிரலாம்னு மிதிச்சேன். அரை மணி நேரத்துல சீட்டு வருது. தொறந்தா உன் பேரு." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூடப் பொறந்தவளைக் கொன்னுட்டேன், ரேகை வையின்னு என்ன மொகத்தோட வந்து நிக்கறது? லைசென்சே வேண்டாம்னு விட்டுட்டேன். கண்ணு செரியில்லைன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன்."

ராஜாமணி கணவரின் கண்களையே பார்த்தார். இரண்டு வருஷமாக அந்தக் கண்ணுக்கு அவர் தினமும் கேரட் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சட்டம் போட்டுச் சொல்லுதே, நேர்ல போயித்தான் ஆவோணும்னு" என்றார் துளசிமணி. கண்ணில் நீர் வழிந்ததைத் துடைக்கவில்லை. "இனி தப்பிக்க முடியாது, இந்தா வந்துருவாருன்னு இருந்தேன். ஒரு ரேகை வெக்கமாட்டனா நானு? பதினஞ்சு நாளும் காபித்தூள் தீராமப் பாத்துக்கிட்டேன்ண்ணா."

நவநீதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது.

"இப்ப வெச்சாச் செல்லுங்களா தம்பி?" என்று கேட்டார் துளசிமணி.

"காலாவதி ஆயிருச்சுங்கம்மா. அய்யா மறுபடியும் எல்.எல்.ஆர். போட்டு, அதிகாரி முன்னால எட்டுப் போட்டுக் காட்டோணும்."

"இந்த வயசுல நான் எட்டுப் போடறதா?" என்று மயிலுசாமி அலறினார்.

"செல்லலீன்னாப் போகுது." துளசிமணி கணவரிடம் கையை நீட்டினார். பழனியப்பன் மேஜை டிராயரிலிருந்து தபால் ஆபீஸ் காலத்து மைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். துளசிமணி கட்டைவிரலை நன்றாக அழுத்தி எடுத்து, காலாவதியான சீட்டில் அண்ணன் பேருக்குக் கீழே நிதானமாகப் பதித்தார். பிறகு மை ஒட்டிய விரலைத் துடைக்கத் துணி தேடினார். பக்கத்தில் கந்தல் துணி இருந்தது, பழைய துண்டும் இருந்தது. அவரோ பிரித்துக் கிடந்த மாம்பழ நிறச் சேலையின் தலைப்பை எடுத்து, விரலை அழுத்தித் துடைத்தார்.

"என்ன பண்றே!" என்றார் மயிலுசாமி. "இனி எந்தக் கடைக்காரன் இதைத் திரும்ப வாங்குவான்?"

"மாட்டான்" என்றார் துளசிமணி. சேலையை மடித்து எடுத்துக்கொண்டு கட்டிப் பார்க்க உள்ளே போனார்.